செருப்பை மாட்டு

இடைவேளையில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்த தர்மராஜிடம் படம் எப்படி என்று கேட்டாள் வேணி. அவன் ஒரு பொரியை வாயில் போட்டு மென்று, கேள்விக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, "ஒரு தடவ பாக்கலாம்ங்க" என்றான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தியேட்டருக்கு நடந்து வரும்போதும் அவன் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். போன மாதம் வந்த பேய்ப் படமா, ஒரு தடவ பாக்கலாம். தீபாவளிக்கு வந்து அந்த வாரமே தூக்கப்பட்ட போலீஸ் படமா, அதையும் ஒரு தடவ பாக்கலாம். அவளுடைய அறைத்தோழி ஆஃப்ரின் விக்கி விக்கி அழுத படத்துக்கும் அதே தீர்ப்புதான்.

விளக்கு வைப்பதற்குள் வேணி ஒரு பதில் சொல்லியாக வேண்டும். போன ஞாயிறு உப்பிலியபுரம் வீட்டுக்கு வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன்தான் இந்தத் தர்மராஜ். துவாக்குடியில் ஒரு பட்டறையில் பாய்லர் தகடுகளின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. ஒரு நாள் இரண்டு பேரும் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. தரிசனத்துக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அவள்தான் படத்துக்குப் போகலாம் என்று போனில் மாற்றினாள். சரியா வேண்டாமா என்று மாலை அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

"வெல்டிங்கப் பாத்தும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"அதுல அப்படிச் சொன்னா வெடிச்சிடும்ங்க."

வேணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "என்னைப் பாத்துட்டுப் போய் வீட்ல என்ன சொன்னீங்க? ஒரு தடவ பாக்கலாம்னா?"

"நான் ரெண்டு தடவ பாத்தேன். வாசல்ல ஒரு தடவ, நீங்க காபி குடுத்தப்ப ஒரு தடவ."

அவள் பார்வையைப் பாப்கார்ன் பொட்டலத்துக்கு மாற்றிக்கொண்டாள். உட்கார்ந்திருந்தாலும் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் வேலை பார்க்கும் தில்லை நகர் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும்போதும் அப்படித்தான். மேஜைக்கடியில் மடியில் வைத்துப் படிக்கும் ரஷ்ய நாவல் அந்த ஆட்டத்தில் நழுவி விழுந்துகொண்டே இருக்கும்.

"எல்லாரும் மறந்துபோன படம், உங்களுக்கு மட்டும் பிடிச்சது, அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. பெயர்தான் நினைவில்லை. தையல்காரி ஒருத்தி. மாமியார் வீட்டில் யாரும் அவளை மனுஷியாக மதிப்பதில்லை. ஒருநாள் தையல் மிஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போகிறாள். மழை பெய்கிறது. ரயில் வருகிறது. "அப்படியே ஏறிப் போயிடுவா. திரும்பியே பாக்க மாட்டா" என்று வேணி முடித்தபோது அவள் குரலே மாறியிருந்தது.

தர்மராஜ் தயங்கினான். "அந்தப் படம் டிவில பாத்திருக்கேன். ஏற மாட்டா. மாமியார் மயங்கி விழுந்துட்டாங்கன்னு ஒருத்தர் ஓடி வந்து சொல்வாரு. மிஷினோட திரும்பிடுவா. அடுத்து வளைகாப்பு."

"வளைகாப்பா?"

"பாட்டு வேற உண்டு."

மணி அடித்தது. இருட்டில் அவன் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னான். "அது மட்டமான முடிவுங்க. ஒரு தடவகூடப் பாக்கக் கூடாது."

வேணியால் அதைச் சரியாகக் கேட்க முடியவில்லை. அந்த ரயிலை நம்பித்தான் அவள் மஞ்சப்பையில் நாலு சுடிதாரை எடுத்துக்கொண்டு திருச்சிக்கு வேலைக்கு வந்தாள். அது அவளே மனதில் ஓட்டிய ரயில் என்று இப்போதுதான் தெரிகிறது. சின்ன வயதில் எந்தப் படத்தையும் அவள் முழுதாகப் பார்த்ததில்லை. துறையூர் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திரையில் சண்டை முற்றும்போது அப்பா ரெங்கராஜ் குனிந்து, "செருப்ப மாட்டு" என்பார். பஸ்ஸில் முடிவைக் கேட்டால், "எல்லாரும் நல்லா இருந்தாங்க, தூங்கு" என்பார். அவள் தூங்காமல் தானே ஒரு முடிவைக் கட்டிக்கொள்வாள். புத்தகங்கள் அவளுக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். புத்தகத்துக்குக் கடைசி பஸ் கிடையாது.

இப்போதும் திரையில் சண்டை முற்றியது. அவள் கால் தானாகவே செருப்பைத் தேடியது. ஒன்று கிடைத்தது, இன்னொன்றைக் காணோம். சரிவான தரையில் எங்கோ சறுக்கிப் போயிருந்தது. உடம்பு முழுக்க எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. "நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு எழுந்து போனாள்.

மாடிப்படி அருகே நின்றாள். அவன் பின்னாலேயே வருவான் என்று நினைத்தாள். வரவில்லை. சரி, அவ்வளவுதான் என்று தோன்றியது. முன்பு வந்த இரண்டு வரன்களையும் இதே மாதிரி ஒரு கணத்தில்தான் வேண்டாம் என்றாள். பாதியில் விட்ட கம்ப்யூட்டர் வகுப்பும் அப்படித்தான். போன் அடித்தது. அப்பா.

"என்ன பாப்பா, அவங்க கேக்குறாங்க. என்ன சொல்ல?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அப்பா, தையல்காரி படம் ஒண்ணு பாத்தோமே, பாதில எந்திரிச்சு வந்தோம்."

"எந்தப் படத்துலதான் நாம பாதில எந்திரிக்கல? இருந்திருந்தா பஸ் போயிருக்கும்."

"இங்கேர்ந்து ஸ்ரீரங்கத்துல என் ரூமுக்கு நெனச்ச நேரம் பஸ் இருக்குப்பா."

"அதுக்கென்ன இப்ப?"

"லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுடைய இருக்கைக்கு அடுத்த இருக்கை காலியாக இருந்தது. நாலு வரிசை முன்னால் ஒரு செல்போன் வெளிச்சம் தரையில் அலைந்துகொண்டிருந்தது. "யோவ், கிளைமாக்ஸ்ல என்னய்யா தேடுற?" என்று ஒருவர் அதட்டினார். "ஒரு செருப்புங்க, லேடீஸ் செருப்பு" என்றது தர்மராஜின் குரல். "காலத் தூக்குங்கண்ணே கொஞ்சம்."

அவன் நிமிர்ந்தபோது திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. விளக்கு எரிந்தது. முட்டியெல்லாம் தூசியோடு வந்து, செருப்பை அவள் காலருகே வைத்தான். "வெறுங்காலோட போனீங்களேன்னு பாத்தேன்" என்றான். "முடிவு என்னாச்சுன்னு தெரியல."

அதட்டியவர் அவர்களைக் கடந்து போனார். "அண்ணே, படம் எப்படி முடிஞ்சுது?" என்று வேணி கேட்டாள்.

"இவரு எங்க பாக்க விட்டாரு? ஒரு தடவ பாக்கலாம், போம்மா."

தர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டான். வேணி உட்கார்ந்தாள். செருப்பை மாட்டவில்லை. கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. "அடுத்த ஞாயிறு இதே படத்துக்கு வரலாமா? கடைசி வரைக்கும் நான் உக்காந்திருக்கனான்னு பாக்கணும்."

"ரெண்டாவது தடவையா?" என்று அவன் கவலையோடு கேட்டான். பிறகு, "வரேங்க" என்றான்.

துடைப்பத்தோடு வந்த பெண் அவர்கள் வரிசையில் நின்றாள். "எந்திரிங்கம்மா, அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்."

"ஒரு நிமிஷம்க்கா" என்று வேணி போனைக் காதில் வைத்தாள். "அப்பா, இருக்கீங்களா? இன்னும் ஒரு வாரம் வேணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க. வேணாம்னு சொல்லிடாதீங்க."