குலதெய்வ அறையின் உத்தரம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: ஹேராகாஜியாகிய நான், என் தம்பி நுச்சேமான், அவன் மனைவி பூல்மாயா, பழைய வீடுகளைக் கணக்கெடுக்க வந்த என்ஜினியர் ரோஜினா, அவளோடு வந்த தச்சர் தீர்த்தலால். பூட்டிய அறைக்குள் எங்கள் குலதெய்வம்.

அப்பா இறந்ததும், லலித்பூரில் எல்லோரும் செய்வதுபோல, கூரையிலிருந்து தரைவரை கயிறு பிடித்து வீட்டை நெடுக்காகப் பிரித்துக்கொண்டோம். இடது பாதி எனக்கு. நிலநடுக்கத்துக்குப் பிறகு அதை இடித்து நாலு மாடி கான்கிரீட் எழுப்பினேன். நுச்சேவிடம் காசில்லை. முட்டுக்கொடுத்து அப்படியே விட்டான். தெருவே வந்து என் டைல்ஸைத் தடவிப் பார்த்தது. அது ஒரு வருடம்தான். பிறகு வருகிறவன் போகிறவன் எல்லாம் அவனுடைய செதுக்கு ஜன்னலைப் படம் பிடித்தான். ஒரு மாணவி எதிரே உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தாள். எட்டிப் பார்த்தேன். அவன் பாதி செங்கல் செங்கலாக இருந்தது. என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

அதன் பிறகு அவன் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது அரசாங்கத்தின் பாரம்பரிய வீடுகள் பட்டியலில் சேர்ந்தால் அவன் வீட்டைப் பழையபடியே கட்டிக்கொடுப்பார்கள். பாரம்பரிய வீடு என்று வாசலில் செப்புத் தகடு வேறு. எல்லா அறையையும் அளந்துவிட்டார்கள், மூன்றாம் மாடியில் குலதெய்வ அறையைத் தவிர. தீட்சை வாங்கியவர்தான் அதற்குள் போகலாம். வேறு இனத்து தாமாங் பெண்ணைக் கட்டியதால் நுச்சேவுக்கு அந்த உரிமை போய்விட்டது. வீடு அவனுடையது, சாவி என் இடுப்பில். ஹோட்டலில் இரவு வேலை முடிந்து தினமும் நேராக அங்கே போய்ப் பத்து நிமிடம் உட்காருவேன். பழைய வீட்டில் எனக்கென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

"நீங்க பாத்துச் சொன்னாப் போதும்ண்ணே, நான் எழுதிக்கறேன்," என்றாள் ரோஜினா.

தீர்த்தலால் ஒரு திருப்புளியை நீட்டினார். "சும்மா தட்டிட்டு வந்துடாத. உத்தரத்துல குத்தணும். உள்ள இறங்கினா மக்கிப்போச்சு. இறங்கலைன்னா உன்னைவிட நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பூல்மாயா சிரித்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான்.

உள்ளே போனேன். விளக்குக் கரி படிந்த சால் மர உத்தரம். மூன்று இடத்தில் குத்தினேன். என் மணிக்கட்டுதான் வலித்தது. சுவரிலும் ஒரு கீறல் இல்லை. ஆறு வருடத்திய என் வீட்டில் மாடிப்படி ஓரமாக விரல் நுழைகிற விரிசல் இருக்கிறது.

வெளியே நுச்சேவின் குரல் கேட்டது. "தகட்டை இடப்பக்கம் வைங்க மேடம். அண்ணன் டைல்ஸ் பக்கத்துல பளிச்சுன்னு தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மக்கிப்போச்சு!" என்று கத்தினேன். "கையாலயே பிய்யுது. சுவரும் பொளந்திருக்கு."

பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், அவனும் இடித்துத்தான் ஆகவேண்டும், அடுத்த வருடம் அவனும் என்னைப்போல ஒரு கான்கிரீட் பெட்டியில் இருப்பான் என்று நினைத்தேன்.

நான் வாசலுக்கு வந்தபோது ரோஜினா வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். "அப்ப இந்த வீட்டுக்குத்தான் முதல் இடம். விழற நிலைமையில இருக்கறத முதல்ல எடுக்கணும்னு உத்தரவு."

"இல்லம்மா, அவ்வளவு மோசமில்ல..."

"கையால பிய்யுதுன்னியே," என்றார் தீர்த்தலால். "நாளைக்கே குருவைக் கூப்பிட்டு சாமியைக் கலசத்துக்கு மாத்திடுங்க. சாமி வெளிய வந்துட்டா அது வெறும் ரூம்தானே? நானே உள்ள போய்ப் பாக்கறேன்."

திருப்புளியை வாங்கி அதன் முனையைப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். ஒரு தூள்கூட இல்லை. பையில் போட்டுக்கொண்டார்.

நுச்சேவுக்கு முகம் வெளுத்திருந்தது. என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "முதல்ல வெளிய வாண்ணே. தினம் இதுக்கு அடியிலயா உக்காந்திருந்த? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அண்ணி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ஒண்ணும் ஆகாதுடா. நான் பாத்துக்கறேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். சாவியைக் குடு. வேலை முடியற வரைக்கும் இந்தப் படியில நீ ஏறக் கூடாது."

"எப்ப முடியும்?" என்று ரோஜினாவைக் கேட்டேன்.

"மூணு வருஷம் ஆகும்ண்ணே. நாலுகூட ஆகலாம்."

பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தீர்த்தலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலைவரையாவது அதைச் சொல்லாமல் இருக்கலாமே என்று தோன்றியது. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். அப்பா அதை என்னிடம் தந்ததிலிருந்து நுச்சே தொட்டதில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இடப்பக்கம்," என்றேன்.

வாசற்படியில் கால் படாமல் எட்டிக் கதவை இழுத்து, என் முதுகுக்குப் பின்னால் சாத்திப் பூட்டினான்.