தமண்டானி திருத்திக்கொண்டிருக்கிறார்

ஐந்தரைக்கு எழுகிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். மக்காச்சோளக் கஞ்சி ஒரு கிண்ணம், நின்றுகொண்டே. சட்டைக்கு இஸ்திரி. லிம்பேவில் மினிபஸ் நிரம்பும்வரை உட்கார்ந்திருக்கிறேன். ஏழரைக்கு அலுவலகம். கணினி. கடவுச்சொல்.

எங்கள் சுகாதார வாரியத்துக்கு நாட்டின் தென்பகுதியில் நாற்பத்தோரு நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. அவற்றை எழுதுவதும் திருத்துவதும் பிளான்டயரில் இருக்கும் எங்கள் பிரிவின் வேலை. ஒரு பக்கத்தை ஒருவர் திருத்தத் திறந்தால், அவர் மூடும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. பட்டியலில் அதற்கு எதிரே ஒரு சின்னப் பூட்டு வரும். திறந்தவர் பெயரும் வரும்.

நமாசிலா நிலையத்துக்கு எதிரே பத்து மாதமாக ஒரே வரி. 'தமண்டானி திருத்திக்கொண்டிருக்கிறார்.'

தமண்டானி என் மனைவி. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தபோது காய்ச்சல் ஏறியது. மேசையிலிருந்து நேரே மருத்துவமனை. மலேரியா மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள். சனிக்கிழமை இறந்தாள்.

அலுவலகமே அடக்கத்துக்கு வந்தது. அவளுடைய கணக்கை மூடச் சொல்லிக் கணினிப் பிரிவுக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். அதை என்னிடம் கொடுத்தார்கள். நான் அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த வரி போய்விடும். நமாசிலா பக்கத்தை யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஷிரே ஆறு பெருகியது. ஒரு வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நமாசிலாவின் தலைமைத் தாதி அழைத்தாள். பாலம் போய்விட்டது. நிலையத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். பிரசவப் பிரிவை மேட்டில் இருக்கும் கலிம்பா பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் மாதம் நிறைந்த பதினோரு பெண்கள், அன்று வந்து தங்கும்படி சொல்லப்பட்டிருந்தவர்கள், பழைய பாதையில் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பாதை பாலத்தில் முடிகிறது.

அவர்களுடைய கைபேசி எண்கள் எங்களிடம் இல்லை; எட்ட வானொலி ஒன்றுதான் வழி. அதற்கு ஒரு விதி இருந்தது. முந்தைய வெள்ளத்தில் யாரோ தொலைபேசியில் சொன்னதை நம்பிப் படித்துவிட்டார்கள். இல்லாத முகாமைத் தேடி ஒரு ஊரே நடந்தது. அதிலிருந்து வாரியத்தின் இணையப் பக்கத்தில் இருப்பதை மட்டுமே படிப்பார்கள். மணிக்கு ஒருமுறை. எங்கள் பிரிவுத் தலைவி நமலோம்பா அம்மா அறிவிப்பாளரிடம் கெஞ்சிப் பார்த்தார். பக்கத்தை மாற்றுங்கள், படிக்கிறேன் என்பதோடு அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். ஒன்பது மணிக்குப் பழைய பக்கத்தையே படித்தாள். பிரசவத்துக்கு நமாசிலா.

நமலோம்பா அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பத்து மாதமாக அந்த வரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"தம்பி, நீ பேசுறியா, நான் பேசட்டுமா?"

"நானே பேசுறேன்."

பூட்டை உடைக்கும் அதிகாரம் லிலோங்வே தலைமை அலுவலகத்தில் வேஸி கோண்ட்வே என்ற ஒருவருக்குத்தான். மழையில் இணைப்பு கிடைக்கவே அரை மணி நேரம் போயிற்று. எங்கள் ஊரில் ஆறே பெருகினாலும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயம். எப்படித் தூங்கினேன் என்று கேட்டார். நன்றாக என்றேன். வீட்டில்? சௌக்கியம் என்றேன். வாய்ப்பழக்கம்.

பூட்டை உடைக்கப் பூட்டியவரின் ஒப்புதல் வேண்டும் என்றார்.

"உங்க ஆபீஸ்தானே, அண்ணே? அவங்களையே மூடிட்டு வெளிய வரச் சொல்லுங்க. இன்னும் திருத்திட்டு இருக்காங்கன்னுதான் இங்க காட்டுது."

"அவ திருத்தல. ஏப்ரல்ல செத்துட்டா. என் மனைவி."

அவர் குரலைத் தாழ்த்தித் துக்கம் கேட்கத் தொடங்கினார். அது எங்களிடையே சுருக்கமாக முடிகிற காரியம் இல்லை. நடுவில் நிறுத்துவது பெரிய மரியாதைக் குறைவு. மணி ஒன்பது நாற்பத்திரண்டு.

"துக்கத்தை நாளைக்குக் கேளுங்க, தம்பி. இப்பப் பூட்டை உடைங்க."

நமலோம்பா அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

உடைத்தால் அவள் திருத்தி வைத்திருந்தது அழிந்துவிடும் என்றார் வேஸி. முதலில் அதைப் படித்துக் காட்டினார். ஒரே ஒரு மாற்றம். ஆம்புலன்ஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ஒரு விசை தட்டும் ஓசை கேட்டது. வரி போய்விட்டது. நமாசிலாவுக்கு எதிரே வெற்றிடம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆறு வரி தட்டினேன். அதற்குள் நமலோம்பா அம்மா பழைய எண்ணை அழைத்துப் பார்த்தார். ஒரு சலூன்காரர் எடுத்தார். "இங்க முடி வெட்டத்தான் தெரியும், தாயே. பிள்ளை பெத்துக்க வேற யாரையாவது கூப்பிடுங்க" என்றாராம். அப்படி எத்தனை பேர் கேட்டிருந்தார்களோ. அந்தப் பத்து மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. கையில் இருந்த எண்ணை நான் அழைத்தேன். முதல் மணியிலேயே ஓட்டுநர் எடுத்தார். வண்டி கலிம்பா மேட்டில்தான் நிற்கிறது, ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை என்று என்னையே திட்டினார்.

ஒன்பது ஐம்பத்தாறுக்குப் பக்கம் ஏறியது. பத்து மணிக்கு எல்லோரும் நமலோம்பா அம்மாவின் கைபேசியைச் சுற்றி நின்றோம். அறிவிப்பாளர் அதை மூன்று முறை படித்தாள். விதிப்படி ஒருமுறைதான் படிக்கவேண்டும். பாலத்துக்குப் போகாதீர்கள், கலிம்பா பள்ளிக்குத் திரும்புங்கள், நடக்க முடியாதவர்கள் இந்த எண்ணை அழையுங்கள்.

பகல் இரண்டரைக்குத் தாதி அழைத்தாள். பதினோரு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஏழு பேர் நடந்து, நாலு பேர் வண்டியில். இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன.

நமலோம்பா அம்மா குலவையிட்டார். மாடியிலிருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். வந்தவர்களும் சேர்ந்து குலவையிட்டார்கள். யாரோ ஒரு வாளி நிறைய மண்டாசி வாங்கிவந்தார். எண்ணெய்ப் பலகாரத்தை மேசைகளில் வைத்தே தின்றோம். முதல் குழந்தைக்கு வெப்சைட் என்று பெயர் வைக்கலாமா என்று தகப்பன் கேட்கிறானாம், பெண்குழந்தை, அதனால்தான் யோசிக்கிறானாம். நானும் சிரித்தேன். எனக்கே கேட்கும்படி.

சாயங்காலம் படிவத்தை நிரப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலை வேஸி, நான் சொன்னபடியே அழைத்தார். முதலிலிருந்து துக்கம் கேட்டார். எதையும் விடவில்லை. நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

அடக்கத்தில் பாதிரியார், அவள் ஆண்டவர் பெயரைச் சொல்லிக் கண்மூடினாள் என்றார். எனக்கு அப்போது மறுக்கத் தோன்றவில்லை. வேஸியிடம் உள்ளதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டாள்.

"நமாசிலா பக்கத்தைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். நீ முடிச்சிடு."