அத்தையின் இடது கால்

உதவிக்கு வரும் அல்லி, பன்னிரண்டு மணிக்கு அத்தையைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு திருநள்ளாற்றில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனாள். இப்போது மணி மூன்று. சனிக்கிழமை. கோயில் கூட்டத்தில் அவள் பஸ் நகரவில்லையாம்.

அத்தை என் மாமியார், பங்கஜவல்லி. பக்கவாதத்தில் இடப்பக்கம் போய்விட்டது. அவரை மாற்றி உட்கார வைப்பதெல்லாம் கீர்த்திகா செய்வாள். என் மனைவி. அவள் இறந்து ஐந்து மாதம். அந்த மாதமே நான் ஒருமுறை அத்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். நழுவி விழுந்தார். இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு எலும்பு தாங்காது என்றார் டாக்டர். பிறகு நான் தொடவில்லை.

ஆனால் இடுப்புக்குக் கீழே புண் கண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அல்லிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிரேக்கு போட்டீங்களாண்ணே?"

"போட்டாச்சு."

"ரெண்டுமா?"

ஒன்றுதான். மற்றதையும் அழுத்தினேன்.

"நல்லாருக்க பக்கம் கட்டிலை ஒட்டி இருக்கணும். கால் வைக்கிற தகடை ஒதுக்குங்க. இடுப்புல பெல்ட்டு கட்டிருக்கேன். அதைத்தான் புடிக்கணும், அக்குளை இல்ல. அம்மாவ நுனிக்கு வரச் சொல்லுங்க."

"அப்புறம்?"

"அவங்க இடது பாதத்துக்கு முன்னால உங்க பாதத்தை அண்டக் குடுங்க, வழுக்காம. முட்டிக்கு முட்டி. ஒட்டி நில்லுங்க. பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி தள்ளி நிக்காதீங்க."

லைன் போய்விட்டது.

பெல்ட்டைப் பிடித்தேன். பாதத்தை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. மாமியார் மேல் கால் படுவதா? ஒரு சாண் தள்ளி ஊன்றினேன். அத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையைப் பிடித்திருந்தார், ஊன்ற வேண்டிய கையால்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

எழுந்தார். இடது கால் மொசைக்கில் வழுக்கியது. முட்டி மடங்கியது. மொத்த எடையும் பெல்ட்டில். போன முறை அவர் விழுந்த சத்தம், விழும் முன்பே காதில் கேட்டது. பின்னால் தள்ளினேன். இருக்கையின் நுனியில் மோதி உட்கார்ந்தார். நாற்காலி நகரவில்லை. இரண்டாவது பிரேக்.

பெல்ட்டை விடவே பயமாக இருந்தது. ஐந்து மாதமாக எனக்கு எதற்கும் பயம் வந்ததில்லை.

"அல்லி வரட்டும் அத்தை."

"அதுக்குள்ள புண்ணு பொளந்துக்கும்." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "காலை ஏன் மாப்ள பின்னுக்கு வாங்குறீங்க?"

"உங்க மேல படும்."

"படாமத்தான் இப்ப கீழ போகப் பாத்தேன். அது வெறும் கட்டை. அதுக்கென்ன மரியாதை? வைங்க."

வைத்தேன். அவர் பாதம் சில்லென்றிருந்தது. முட்டியோடு முட்டியைச் சேர்த்தேன். அத்தை முந்தானையை விட்டார், கைப்பிடியில் ஊன்றினார், முன்னால் குனிந்தார். தலை என் தோளில் இடித்தது.

மூன்று சொன்னதும் எழுந்தார். கால் வழுக்கப் பார்த்தது. என் பாதம் விடவில்லை. சின்னச் சின்ன அடியாகத் திரும்பினோம். முட்டியை மடக்கி அவரை மெத்தையில் இறக்கினேன். இடது காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்த கை, தானாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

போன் அடித்தது.

"என்னண்ணே, அம்மாவ கீழ போட்டுட்டீங்களா?"

ஸ்பீக்கரில் போட்டேன். அத்தைதான் சொன்னார்.

"போடல. மிதிச்சிட்டாரு. நீ வா."