அந்திக் கோளின் இருபத்து மூன்றாம் பகுதி

'அந்திக் கோள்' தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பகுதியை அழித்த செவ்வாய்க்கிழமை மதியம், ஹாஸ்லோ ஊரின் கோப்டன் தெரு தேவாலயம் படிக்கட்டோடும் அறிவிப்புப் பலகையோடும் காணாமல் போனது. அது நின்ற இடத்தில் ஈரப் புல் முளைத்திருந்தது. உருளைக்கிழங்கு விலை அன்றுதான் ஏறியிருந்ததால் ஊர் அதைப் பற்றியே பேசியது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வந்தவர்கள் புல்லைப் பார்த்துவிட்டு, உள்ளே எப்போதும் குளிராகத்தானே இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அந்தத் தொடர் பிறந்த கதை பெரிய கதை இல்லை. அறுபத்து மூன்றாம் ஆண்டு, சனிக்கிழமை மாலை கால்பந்து முடிவுகளுக்கும் வினாடி வினாவுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப எதையாவது செய்யச் சொல்லி ஹாஸ்லோ தொலைக்காட்சி நிலையத்தில் லாங்டேல் என்ற தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்றுத்தரும் தொடர், பூதம் கீதம் எதுவும் வராது என்று மேலிடத்தில் சத்தியம் செய்துவிட்டு வந்த மனிதர், மூன்றாம் வாரமே பூதங்களை இறக்கினார். சூரியன் மறையவும் மறையாத, உதிக்கவும் உதிக்காத ஒரு கோளில் வழி தவறிய விண்கலத்தின் கதை அது. பூதங்களுக்கு உடை தைத்தவள் ஹில்டா கிளெக். கணவனை இழந்தவள், ஜேனட் என்று ஒரே மகள். முட்டை அட்டைகளையும் பழைய திரைச்சீலைகளையும் கொண்டே ஒரு கோளின் ஜனங்களை உண்டாக்கிவிட்டாள். அரங்கம் போடக் காசில்லாததால் பாதிக் காட்சிகளை ஊருக்குள்ளேயே எடுத்தார்கள். எங்கள் தேவாலயம் வேற்றுக்கோளின் கோட்டையாக நடித்தது. கால்வாய்ப் பாலம், காய்கறிக்கடை பெர்சி, அவருடைய நொண்டி நாய், எல்லோரும் ஆளுக்கொரு பகுதியில் தலைகாட்டினார்கள்.

இருபத்து மூன்றாம் பகுதிக்குப் பேசி வைத்திருந்த குழந்தைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. தையல் அறையில் பொத்தான்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயது ஜேனட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆளில்லாத விண்கலத்துக்குள் உட்கார வைத்தார் லாங்டேல். "நீங்க யாரு? இங்க இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன். கதவை மூடாதீங்க." அவ்வளவுதான் வசனம். அது ஒளிபரப்பான மாலை மதுக்கடைகளில் ஆளே இல்லை. ஜேனட்டை ஒரு மாதம் தெருவில் எல்லோரும் 'கதவை மூடாதீங்க' என்றே கூப்பிட்டார்கள். அப்புறம் தொடரை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள். எதிர்த்த அலைவரிசையில் ஒரு பாட்டு நிகழ்ச்சி வந்து பார்வையாளர்களை அள்ளிக்கொண்டு போனது. அறுபத்தொன்பதில் விண்கலம் வீடு திரும்பாமலே தொடர் நின்றது.

ஒருமுறைக்கு மேல் மறுஒளிபரப்பு கூடாது என்பது நடிகர் சங்கத்தோடு நிலையம் செய்த ஒப்பந்தம். அதற்குப் பிறகு ஒளிநாடா வெறும் நாடாதான். புது நாடாவோ யானை விலை. ஆகவே காந்தப் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தி, பழைய படத்தை அழித்துவிட்டு, மேலே மல்யுத்தமோ குதிரைப் பந்தயமோ பதிவார்கள். யாருக்கும் இதில் உறுத்தல் இருந்ததில்லை. வர்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளை 'அந்திக் கோளை' அழிக்கும் முறையும் வந்தது. ஒன்பதாம் பகுதியோடு பாலம் போனது. பதினான்காம் பகுதியோடு பெர்சியும் நாயும் போனார்கள். பெர்சியின் மனைவி கடைக் கதவை அடைத்துவிட்டு, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றாள். நாங்களும் தலையாட்டினோம். தொழில் நடிகர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களைப் பிடித்து வைக்க வேறு படங்கள் இருந்தன. ஊர்க்காரர்களுக்கு இந்த ஒன்றுதான் இருந்தது.

ஹில்டாவுக்கு இது பெர்சி போன அன்றே புரிந்துவிட்டது. ஜேனட்டுக்கு அப்போது பதினைந்து வயது. தலைமுடியை ஒரு பக்கமாக வாரிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் தாயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். குளியலறையில் சற்று அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டுவாள் ஹில்டா. "உயிரோடதாம்மா இருக்கேன், நிம்மதியா முகம் கழுவ விடறியா?" என்று உள்ளே இருந்து எரிந்து விழுவாள் மகள். அந்த எரிச்சல் குரலைக் கேட்டால்தான் தாய்க்கு மூச்சு வரும். இருபதாம் பகுதி அழிந்ததும் ஹில்டா மழையில் முற்றத்தைக் கடந்து, நாடாக் கிடங்குக்குப் போனாள். கிடங்குக்குப் பொறுப்பாளர் கிராப்ட்ரீ. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர்.

"வாம்மா ஹில்டா, தண்ணி இப்பதான் கொதிச்சுது. மழை விடலையா?"

"விடற மாதிரி தெரியல. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா ஒரு சின்ன விஷயம். அந்த இருபத்து மூணாவது இருக்குல்ல, அதுல நம்ம ஜேனட் வர்றா."

"தெரியாதா பின்ன? கதவை மூடாதீங்க! உனக்கு அது வேணுமா கண்ணு?"

வேண்டும், அதை அழித்தால் என் பிள்ளை போய்விடுவாள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எங்கள் ஊரில் அடுத்தவரைச் சங்கடப்படுத்துவதைவிடச் செத்துப்போவது மேல். அமர்க்களம் பண்ணுகிறவள் என்று பெயர் வாங்கினால் மூன்று தலைமுறைக்குப் போகாது. ஹில்டா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "பாக்கணும்னு ஒரு ஆசைதான். அவசரம் ஒண்ணும் இல்ல. முடியாட்டியும் பரவாயில்ல" என்றாள்.

"பாக்கறேன், பாக்கறேன்" என்றார் அவர். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தாயும் மகளும் மீனும் வறுவலும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வினிகர் புட்டியை எடுக்க ஜேனட் கையை நீட்டினாள். கை நிறம் வெளுத்துச் சாம்பலானது. பிறகு முகம், பிறகு புதிதாக வாங்கிய சிவப்புச் சட்டை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் தெரிவது போலவே இருந்தாள். "அம்மா, என்னம்மா இது, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். ஹில்டா மேசையைத் தாண்டிப் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. அப்புறம் நாற்காலிதான் இருந்தது. தட்டில் வறுவல் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஹில்டா கிடங்குக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் கிராப்ட்ரீயின் முகம் வெளிறிப்போனது. "மல்யுத்தத்துக்கு நாடா இல்லேன்னு மேல இருந்து ஒரே சத்தம். நீ அவசரம் இல்லன்னியேம்மா... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோட்டுக்குள்ள மறைச்சு வீட்டுக்கே கொண்டாந்து குடுத்திருப்பேனே!" என்றார். உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று பார்த்தேன் என்றாள் ஹில்டா. அவர் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் ஜேனட்டின் இருக்கையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தது. தெரு அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மரியாதை ஹில்டாவைக் கொன்றது.

நவம்பரில் ஒரு பிற்பகல், துணிக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, காலி நாற்காலியிலிருந்து ஏழு வயதுக் குரல் ஒன்று, "நீங்க யாரு?" என்று கேட்டது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல், "வில்ஃப், டீ ஆறுது!" என்று கத்தியது. அது பக்கத்து வீட்டு நோராவின் குரல். ஹில்டா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நோராவின் கணவர் வில்ஃப் என்ட்விசில் பேருந்து நடத்துநர், 'அந்திக் கோள்' பைத்தியம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து, வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சட்டம் போட்டு, சத்தத்தை மட்டும் பதிந்து வைத்தவர். நோரா சட்டத்தை மதித்ததே இல்லை, அவள் கூப்பிட்டதும் சேர்ந்தே பதிந்திருந்தது. இப்போது அவர் ஒலிநாடா இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். சுருள் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் ரேடியோல பேண்டு வாத்தியப் போட்டி வருது ஹில்டா, நாடா வேணும். அதான் இத அழிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒருதரம் கேக்கலாம்னு..."

அன்று ஹில்டா கிளெக் அமர்க்களம் பண்ணினாள். அவள் போட்ட கூச்சலில் டென்ட்டர் தெரு முழுவதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. "தொட்டீங்க, கையை ஒடிச்சுப் போடுவேன்! அது என் பொண்ணு! என் பொண்ணு!" என்று நடுவீட்டில் நின்று அலறினாள். சுருளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தாள். யாரும் சிரிக்கவில்லை. நோராதான் பின்னாலேயே வந்து குடை பிடித்தாள்.

சுருள் பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. குரல் நாற்காலியில் தங்கியது. முதலில் அந்த நான்கு வரிதான். கிறிஸ்துமஸுக்குள் சூப்பில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லுமளவுக்கு வந்துவிட்டது. வருடத்துக்கு வருடம் குரல் முதிர்ந்தது. வாக்குவாதம் பண்ணியது, காதலித்தது, ஒருமுறை ஒரு வாரம் பேசாமல் இருந்து தாயைக் கதிகலங்க வைத்தது. என்ன பேசினாலும் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து நோரா கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. ஹில்டாவின் பயமும் மாறவில்லை. காந்தம் எதையும் வாசலுக்குள் விடமாட்டாள். இடி இடித்தால் டப்பாவின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். தொலைந்த பகுதிகளைத் தேடுகிறோம், வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவுங்கள் என்று நிலையம் பத்திரிகையில் கேட்டபோது, திரைச்சீலையை இழுத்து மூடினாள். வில்ஃபும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் நோரா மார்ச்சளியில் இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் ஐந்து மணிக்கு வில்ஃப் ஹில்டாவின் சமையலறைக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தொந்தரவு இல்லையென்றால் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். ஹில்டா அவருக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைத்தாள். நாற்காலியிலிருந்து ஜேனட் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், வழக்கத்தைவிட அதிகமாகவே பேசிக்கொண்டு போனாள். வில்ஃப் கோப்பையைத் தொடாமல் காத்திருந்தார்.

"வில்ஃப், டீ ஆறுது!"

"இதோ குடிச்சுட்டேன் நோரா" என்று அவர் கோப்பையை எடுத்தார்.