நினைவு அட்டையின் மூன்றாவது வரி

பாண்டிராஜ் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். வழக்கமாக ஒரு டம்ளர் காப்பி. அம்மா ஆவுடைத்தாய் நேற்று சிவகிரியிலிருந்து வந்திருந்ததால் இன்று இரண்டு. நின்றுகொண்டே குடித்தான். டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். தென்காசி தாலுகா ஆபீசில் அவன் சர்வேயர். குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடம். மனைவி போன பிறகு எல்லாக் காலையும் இதுதான். இதில் எதுவும் அவனுக்குச் சிரமமாக இல்லை.

எட்டு மணிக்கு மாமியாரும் மச்சினன் ஜெஸ்வினும் குற்றாலத்திலிருந்து காரில் வந்தார்கள். அவன் மனைவி ஜெபக்கனி இறந்து வருகிற கிறிஸ்துமஸோடு ஒரு வருஷம். அதற்கு மறுநாள் சர்ச்சில் நினைவு ஆராதனை. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டையை இன்று பிரஸ்ஸில் கொடுக்க வேண்டும்.

ஜெஸ்வின் போனை நீட்டினான். கனியின் படம். கீழே முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் தேதிகள். மூன்றாவது வரி: ‘“இயேசப்பா, உம்மிடம் வருகிறேன்” என்று புன்னகையோடு சொல்லி மகிமைக்குள் பிரவேசித்தாள்.’

பாண்டிராஜ் இரண்டு முறை படித்தான்.

“இது யார் சொன்னது?”

“அக்காதான், அத்தான். கார்ல வச்சு.”

“காரை நீதாம்லே ஓட்டுன. உனக்குக் கேட்டுதா?”

“ஹார்ன்ல கையை வச்சே வந்தேன். எனக்கு என்ன கேக்கும்?”

“பின்ன யாருக்குக் கேட்டுது?”

மாமியார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “பெத்தவளுக்குத் தெரியாதா மாப்பிள்ளை. அவ அப்படித்தான் சொல்லியிருப்பா.”

அன்று ஆஸ்பத்திரிக்குப் போன காரில் இருந்தது கனி, ஜெஸ்வின், அவன், மூன்றே பேர். மாமியார் அப்போது வீட்டில் பிரியாணிச் சட்டிப் பக்கம் நின்றிருந்தாள்.

“அவ அப்படிச் சொல்லலை மைனி,” என்றாள் ஆவுடைத்தாய். “எங்கிட்ட போன்ல, ‘அத்தை, நம்ம சாமிக்கு ஒரு ரூவா முடிஞ்சு வையுங்க’ன்னா. அதுதான் கடைசி. அதைப் போடுங்க.”

“அது முந்தின நாள்லா. முந்தின நாள் சொன்னது எப்படிக் கடைசியாகும்?” என்றாள் மாமியார்.

“எங்கிட்டப் பேசுனதுல அதான கடைசி.”

“அப்ப ரெண்டையும் போட்டுருவோமா?” என்றான் ஜெஸ்வின். சமாதானமாகத்தான் கேட்டான். ஒரு சென்ட் நிலத்துக்குக்கூடச் சங்கிலி பிடித்து அளக்காமல் பாண்டிராஜ் எழுதியதில்லை. இங்கே ஒருத்தியின் வாயை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடுகிறார்கள்.

அவனும் கனியும் காலேஜில் பார்த்துப் பழகி, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்தவர்கள். இரண்டு வருஷம் இரண்டு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. கனி உண்டானதும் திறந்தது. தலைப்பிள்ளை, பெண் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று ஏழாம் மாசமே மாமியார் வந்து அழைத்துப் போனாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டாள்.

காலை நாலரை மணி ஆராதனைக்குப் பட்டுச்சேலையில் கனி நின்றாள். வந்ததும் ஸ்டாருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் அவள் வயிற்றில் கை வைத்துப் படம் எடுத்தார்கள். ஏழு மணிக்குத் தலை வலிக்கிறது என்றாள்.

“பனியில நின்னதுல்லா,” என்றாள் மாமியார்.

“தலைக்குக் குளிச்சிருப்பா, சுக்கு ஒரைச்சுப் போடு,” என்றாள் போனில் அவனிடம் ஆவுடைத்தாய்.

கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு அப்படித்தான் என்று யாரோ சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு அடுக்களைக்குப் பின்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கண் மங்கலாகத் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். அவன் மணியைப் பார்த்தான். “கேக் வெட்டிட்டுப் போயிருவோம்ட்டி. இப்பத்தான் நம்மளச் சேத்திருக்காங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சா நல்லாருக்காது.”

கேக் வெட்டப் பதினொன்றரை ஆனது. அவள் வாந்தி எடுத்த பிறகுதான் காரை எடுத்தார்கள். குற்றாலம் ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்களின் வேன். ஒரு சாமி இறங்கி ஓடி, வேன்களை ஒதுக்கி வழி விட்டார். அன்று அவள் தலைவலியைப் பெரிதாக எடுத்துக் கேட்டவர் என்று யாராவது உண்டென்றால், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற டாக்டரம்மாதான். “தலைவலி எப்பலேருந்து?” என்றார். “காலையிலேருந்து,” என்றான். பிரஷர் ஏறி வலிப்பு. அவளும் போனாள், பிள்ளையும் போனது. பெண் பிள்ளை. அட்டையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“புன்னகையோடன்னு போட்டிருக்கியே,” என்றான் ஜெஸ்வினிடம். “கண்ணாடியில நீ பாத்தியா, அவ மூஞ்சியை?”

ஜெஸ்வின் தலை குனிந்தான். “அம்மாவுக்கு ஒரு ஆறுதல், அத்தான். அம்புட்டுதான்.”

“அவளுக்கு?”

பாண்டிராஜே தொடர்ந்தான்.

“அவ ஒண்ணு சொன்னா. வலிப்பு வாரதுக்கு முன்ன, கார்ல என் மடியில தலையை வச்சுக்கிட்டு. எனக்கு மட்டுந்தான் கேட்டுது.”

மாமியார் நிமிர்ந்தாள். “இத்தனை நாளும் சொல்லலையே மாப்பிள்ளை.”

“சொல்லலை.”

சொல்லியிருக்க வேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டு காலியாக விட்ட இடத்தில்தான் இவர்கள் எழுதுகிறார்கள். இவர்கள் மேல் வந்த கோபத்தில் பாதிக்கு மேல் யாருக்குச் சேர வேண்டியது என்று அவனுக்குத் தெரியும்.

“சொல்லுங்க,” என்றாள் மாமியார். “நல்ல வார்த்தைன்னா அதையே போட்டுருவோம்.”

பாண்டிராஜ் போனை வாங்கி மூன்றாவது வரியை அழித்தான். பிறகு, அம்மாவையும் மாமியாரையும் பார்க்காமல், அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

“நீயாவது கேட்டிருக்கலாம்லா, பாண்டி.”