ஒரே எண்ணில் மூன்று புத்தகங்கள்

ராஜபாளையம் கமிட்டி நூலகத்தில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம் என்று ஆன நாளிலிருந்து, ஸாவித்ரிக்குத் தன் நூலகத்துக்குள்ளேயே வழி தெரியாமல் போயிற்று.

இருபத்து நான்கு வருஷமாக அவள்தான் அங்கே நூலகர். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள், சாயங்காலம் திரும்பிப் போவாள். யாராவது புத்தகத்தின் பெயரைப் பாதி சொல்வதற்குள் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவாள். நூலகக் கமிட்டியின் செயலாளர் ஜகந்நாத ராஜாவே விருந்தாளிகளிடம், “எங்க ஸாவித்ரி இருக்கறப்போ கேட்டலாக் எதுக்குங்க?” என்று பெருமை அடித்துக்கொள்வார். அப்படிச் சொன்ன அதே மனிதர்தான் தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்.

அவருடைய மைத்துனர் அமெரிக்காவில் இருந்தார். சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அங்கே இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றினால் இங்கே இருப்பவர்களுக்கு வேலை கூடும். இரண்டு கம்ப்யூட்டர் வந்தது, டெலிபோன் லைன் வந்தது, கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாது என்று ஒரு ஏசியும் வந்தது. வாசகர்களுக்கு வழக்கம்போல மின்விசிறிதான். மதுரையிலிருந்து சம்பத்குமார் என்ற இன்ஜினியர் வந்து சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார். இன்டர்நெட் வழியாகத் திறக்கிற பட்டியல். திரையில் இருக்கிற கட்டத்துக்குள் பெயரைத் தட்டினால் புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இருக்கிற கார்டுகளை எல்லாம் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்றார். அந்த ஒன்றைச் செய்ய ஸாவித்ரிக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

முதல் நாலாயிரம் கார்டு ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு கட்டு நூல்கள் வந்தன.

கட்டு நூல் என்பது அந்த நூலகத்தின் பழைய ஏற்பாடு. மெலிந்த சிறு புத்தகம் தட்டில் நிற்காது, வளைந்து விழும். அதனால் ஒரே உயரமுள்ள மூன்று நான்கைச் சேர்த்துக் காலிகோ துணி ஒட்டின அட்டை போட்டு ஒரே புத்தகமாகத் தைத்துவிடுவார்கள். உயரம் ஒன்றாக இருந்தால் போதும், விஷயம் எதுவாக இருந்தாலும் பைண்டருக்குக் கவலை இல்லை. மாட்டு வைத்தியத்துக்குப் பக்கத்திலேயே சமையலும் இருக்கும். கட்டு முழுவதற்கும் ஒரே எண். ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கார்டு. இதில் அரை நூற்றாண்டாக யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு வந்தது. முதல் புத்தகத்தை ஏற்றுக்கொண்டது. அதே எண்ணில் இரண்டாவதைப் போட்டால், இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று சிவப்பில் எழுதித் தள்ளிவிட்டது. பத்துத் தடவை போட்டாள். பத்துத் தடவையும் அதே பதில். மதுரைக்குப் போன் போட்டாள்.

“ஒரு நம்பருக்கு ஒரு புக்குதான் மேடம். முதல்ல இருக்கறத மட்டும் போடுங்க. மத்தத அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்” என்றார் சம்பத்குமார்.

அவர் சொன்னதை அவள் நம்பினாள். வேறென்ன செய்வாள்? ஏற்காத கார்டுகளை எல்லாம் தனியாகக் கட்டிக் கார்டு அலமாரியின் மேல் வைத்தாள். தொள்ளாயிரத்துக்கு மேல் இருந்தது. அடுத்த வெர்ஷன் வரவில்லை, திறப்பு விழா வந்துவிட்டது. விழாவுக்கு இடம் வேண்டுமென்று முந்தின நாள் கார்டு அலமாரியை அப்புறப்படுத்தினார்கள். அலமாரி யாரோ ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போயிற்று. உள்ளே இருந்த கார்டுகளும், மேலே தனியாகக் கட்டி வைத்திருந்த கார்டுகளும் குப்பையோடு போயின. இனிமேல் அது எதற்கு என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

தொண்ணூற்றொன்பது ஆனியில் கமிட்டிக்கு இன்னொரு யோசனை உதித்தது. கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே, இரண்டு பிரதிக்கு மேல் இருக்கிற புத்தகங்களைக் கணக்கெடுத்துக் கழித்துவிடலாம். பட்டியல் ஐந்து நிமிஷத்தில் அச்சாகி வந்தது. முந்நூற்றுப் பதினாறு வரிகள். அதில் ஒரு வரி, ‘வாழை சாகுபடி, மூன்றாம் பிரதி, எண் 4417’. ஒவ்வொன்றையும் எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பழைய பேப்பர்க்காரர் வேன் வாசலில் நின்றது, ஜகந்நாத ராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வெயிலும் மண்டையைப் பிளந்தது. ஸாவித்ரி கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆவணி கடைசியில் சுடலையம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கான்சாபுரம் பக்கம் வயல் வைத்திருக்கிற சம்சாரி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே மேஜைக்கு வந்தாள்.

“எம்மா, எங்க வீட்டுக்காரவுக ஆறு வருசத்துக்கு முன்ன இங்கன வந்து ஒரு புக்கு பாத்துட்டுப் போனாக. ஆவுடையப்பன்னு பேரு. நெடுநெடுன்னு இருப்பாக. நீங்கதான் எடுத்துக் குடுத்தீகளாம். வேலுத்தாய் கண்மாய் மடைமுறைன்னு புக்கு, எந்த மடைக்கு எப்பத் தண்ணி விடணும்னு போட்டது.”

ஸாவித்ரிக்கு ஞாபகம் இருந்தது. “அவர் சௌக்கியமா?”

“போன வருசம் தவறிட்டாக. இருந்தா அவியளே வந்திருப்பாக.” அழுகை எதுவும் இல்லை. “எங்க கடைமடைக்கு மூணாம் முறைத் தண்ணி உண்டுன்னு அந்தப் புக்குல அச்சடிச்சிருக்காம். மேமடைக்காரன் அப்படி ஒரு முறையே கெடையாதுங்கான். போன வருசம் நெல்லு பூட்டை கட்டிக் கதிர் வார நேரத்துல மடைய அடைச்சிட்டான். அம்புட்டையும் அறுத்து மாட்டுக்குப் போட்டோம். கேசு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்ல நடக்கு. அடுத்த மாசம் பதிமூணாந்தேதி வாய்தா. அன்னைக்குப் புக்கக் காட்டலைன்னா இந்த வருசமும் எங்க ஏழு குடும்பத்துக்குத் தண்ணி கெடையாது.”

“வேற எங்கயும் பிரதி கிடைக்கலையா?”

“ஆபீசு ஆபீசா ஏறி எறங்கியாச்சு. செல்லரிச்சுப் போச்சுங்காக. வக்கீலு இங்கனதான் இருக்கும் போன்னாரு.”

“செத்த இருங்கோ, எடுத்துண்டு வரேன்” என்று ஸாவித்ரி எழுந்தாள். கட்டு நூல் அலமாரியின் நான்காவது தட்டு. மூன்று சிறு புத்தகம் சேர்ந்த கட்டு. அவளே பைண்டிங்குக்குக் கொடுத்தது. முதலில் வாழை சாகுபடி, அடுத்தது கால்நடை நோய்கள், மூன்றாவது மடைமுறை. நடக்கும்போதே எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. தட்டில் கை வைத்தபோதுதான் கழித்த பட்டியலில் இருந்த அந்த ஒரு வரியும் ஞாபகத்துக்கு வந்தது.

4416 இருந்தது. அதை ஒட்டி 4418 இருந்தது.

தெரிந்த பிறகும் அவள் தேடினாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு, அலமாரிக்குப் பின்னால். கடைசியில் வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து பெயரைத் தட்டினாள். சுடலையம்மாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

“என்னம்மா சொல்லுது?”

“இல்லேங்கறது.”

“அதுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரவுக பாத்துருக்காகளே.”

ஸாவித்ரி நாற்காலியைத் திருப்பி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டு நூல், ஒரே எண், கழித்த பட்டியல், தன் கையெழுத்து. சொல்லும்போது அவளுக்கே காது கூசியது. சுடலையம்மாளுக்குப் பாதி புரியவில்லை. புத்தகம் பழைய பேப்பருக்குப் போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது.

“எந்தக் கடைக்கு?” என்றாள்.

இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பழைய பேப்பர் வியாபாரி இருளப்பசாமி குடோன் வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். ஸாவித்ரியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“லைப்ரரி புக்கா? அது அப்பமே சிவகாசிக்குப் போயிருச்சும்மா. தீவாளி வருதுல்ல, பேப்பருக்கு அங்க அடிதடி. இந்நேரம் கிழிச்சு வெடியில சுருட்டியிருப்பாக. ஏன், தப்பா எதுவும் வந்துருச்சா?”

ஸாவித்ரி ஆமென்று தலையாட்டினாள். சுடலையம்மாள் சிரித்தாள். “அப்ப வார தீவாளிக்கு எங்க கண்மாய எந்தூர்ப் பயலோ கொளுத்திப் போடப் போறான்” என்றாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜகந்நாத ராஜாவிடம் ஸாவித்ரி விஷயத்தைச் சொன்னாள். இந்தப் புத்தகம் நம்மிடம் இருந்தது, தவறுதலாகக் கழித்துவிட்டோம் என்று கமிட்டி ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“எப்படிம்மா குடுக்கறது? கழிச்ச லிஸ்ட்ல வாழை சாகுபடின்னுதான இருக்கு? கம்ப்யூட்டர்லயும் அந்தப் பேர் இல்ல. இல்லாத புக்க இருந்துச்சுன்னு எழுதினா அப்பறம் அந்தக் கேட்டலாக்குக்கு என்ன மரியாத? நேத்திக்குக்கூட அமெரிக்காவில இருந்து மெயில் வந்துச்சு, பிரமாதம்னு.” குரலைத் தணித்துக்கொண்டார். “இப்படி எத்தன புக்கு விட்டுப்போச்சு?”

“தொள்ளாயிரத்துக்கு மேல.”

அவர் எழுந்துபோய் ஏசியைக் கொஞ்சம் குறைத்தார்.

மிச்சமிருந்த நாட்களில் ஸாவித்ரி செய்யாததில்லை. மதுரைக்குப் போன் செய்தாள், சம்பத்குமார் பெங்களூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவருக்குக் கட்டு நூல் என்றால் என்னவென்றே விளங்கவில்லை. புத்தகத்தை அச்சடித்த அச்சகத்தைத் தேடினாள், அங்கே ஜவுளிக்கடை இருந்தது. சுந்தரபாண்டியத்தில் ஒரு பழைய கணக்குப்பிள்ளை வீட்டில் இருக்கலாம் என்று யாரோ சொல்ல, லீவு போட்டுவிட்டுப் போய்ப் பரண் முழுக்கத் தூசி தட்டிவிட்டுத் தும்மிக்கொண்டே திரும்பினாள். சென்னைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

கடைசியில் சுடலையம்மாளின் வக்கீல் ஒரு வழி சொன்னார். புத்தகம் இல்லாவிட்டால் போகிறது, அதைக் கையாண்ட நூலகர் இருக்கிறாரே, அவரே வந்து சாட்சி சொல்லட்டும். ஸாவித்ரி உடனே சரி என்றாள். கோர்ட்டில் பெண்பிள்ளை கூண்டேறுவதா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

பதிமூன்றாம் தேதி ஏழு குடும்பமும் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. மேல்மடைக்காரர்களின் வக்கீல் கையில் ஒரு தாளோடு எழுந்தார்.

“இது உங்க நூலகத்துப் பட்டியல். மதுரையில ஒரு பிரவுசிங் சென்டர்ல எடுத்தது. உலகத்துல எங்க இருந்து தேடினாலும் இதேதான் வரும், இல்லீங்களா?”

“ஆமா.”

“இதுல இவங்க சொல்ற புத்தகம் இருக்குதா?”

“இல்லை. ஆனா இருந்தது. நானே பைண்டிங்குக்கு அனுப்பினேன். நானே கார்டு எழுதினேன்.”

“அந்தக் கார்டு எங்க?”

“இல்லை.”

வக்கீல் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். வயதானவர், அவசரப்படாதவர். “கார்டுல என்ன எழுதினீங்க, ஞாபகம் இருக்கா?” என்றார்.

“வேலுத்தாய் கண்மாய் மடைமுறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. ஐம்பத்தாறு பக்கம். பதினெட்டு சென்டிமீட்டர் உயரம். கடைசியில மடிச்சு ஒட்டின வரைபடம் ஒண்ணு. கட்டுல மூணாவது” என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் நின்ற சுடலையம்மாள் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதியின் முகத்தில்கூட ஒரு நம்பிக்கை தெரிந்தது.

“நல்லது. மூணாம் முறைத் தண்ணி யாருக்குன்னு அதுல போட்டிருந்தது?”

ஸாவித்ரி வாயைத் திறந்தாள்.

ஒரே வார்த்தை. கடைமடைக்கு என்று சொன்னால் போதும். ஆவுடையப்பன் தன் கண்ணால் படித்த வார்த்தை, சுடலையம்மாள் வாயால் அவள் கேட்ட வார்த்தை. ஆனால் கேள்வி அவள் என்ன படித்தாள் என்பது. புத்தகம் வந்த அன்று முகப்பைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்த்தாள், ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்தாள், படம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருபத்து நான்கு வருஷமாக ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவள் செய்தது அவ்வளவுதான். அதற்குத்தான் சம்பளம், அதைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். உள்ளே இருந்த ஒரு வரி அவளுக்குத் தெரியாது. சத்தியம் செய்துவிட்டு ஏறின கூண்டில் நின்று அந்த ஒரு வார்த்தையை அவளால் எடுக்க முடியவில்லை.

“படிச்சதில்லை” என்றாள்.

அடுத்த விசாரணை தை மாதத்துக்குப் போயிற்று. அதுவரை மடை இப்போது அடைத்திருக்கிறபடியே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. தை மாதத்துக்குள் கண்மாய் நிரம்பி, மேல்மடை அறுப்பும் முடிந்துவிடும்.

வெளியே வேப்பமரத்தடியில் ஸாவித்ரி நின்றாள். வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக ஏழு குடும்பமும் அங்கேதான் நின்றது. திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. சுடலையம்மாள் மட்டும் கிட்டே வந்தாள்.

“அம்பத்தாறு பக்கம்னு டக்குனு சொன்னீகளே தாயி. அதுல ஒரு பக்கமாவது பெரட்டிப் படிச்சிருக்கக் கூடாதா?”

அவள் குரலில் கோபமே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள், பதிலுக்காகவும் நின்றாள். பஸ் வந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதுகிறவரை சுடலையம்மாள் ஸாவித்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்துவிட்டு, பிறகு போய் ஏறிக்கொண்டாள்.