ஜே போல்ட்டுக்கு ரெண்டு ஆள்

பங்கிராஸ் தன் தங்கச்சியிடம் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அதற்காக அவர் சொல்ல நினைத்த எதையும் சொல்லாமல் விட்டதில்லை. மாட்டிடம் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா நிற்பது தெரிந்தால் போதும், செவலைப் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டே, “மடைய ஒழுங்கா அடைக்கத் தெரியாதவுகளுக்கெல்லாம் எதுக்குத் திராட்சத் தோட்டம் செவலை?” என்பார். பிலோமினா மட்டும் சளைத்தவளா? தன் நாயைக் கூப்பிடுவாள். “ராக்கி, மடைய அடைச்சு ஒரு மணி நேரமாச்சுன்னு சொல்லுடா. கண்ணு மங்கிப்போனா ஆஸ்பத்திரிக்குப் போகணும், மாட்டுக்கிட்டப் பேசக்கூடாது.”

இப்படியே சண்டையும் நடந்தது, தோட்டத்துக் காரியங்களும் நடந்தன. மோட்டார் முறை, உரம் வந்த செய்தி, சொந்தத்தில் ஒரு சாவு, எல்லாமே மாட்டின் வழியாகவும் நாயின் வழியாகவும் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னால் மட்டும் சிக்கல். அங்கே மாடும் கிடையாது, நாயும் கிடையாது. அண்ணன் இடது பக்கம் திரும்பிக் கும்பிடுவார், தங்கச்சி வலது பக்கம் திரும்பிக் கும்பிடுவாள்.

காரணம் நிலம்தான். அப்பா இறந்த பிறகு, ராயப்பன்பட்டிக்குத் தெற்கே இருந்த தோட்டத்தைப் பங்கிராஸ் பாட்டுக்கு உழுதுகொண்டிருந்தார். பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. பிலோமினா ஒரு வருஷம் பொறுத்தாள். அண்ணனாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். பிறகு உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பினாள். பங்கிராஸ் கோர்ட்டுக்குக்கூடப் போகவில்லை. கிழக்குப் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தார்: “வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. வக்கீல வச்சுல்ல கேட்டா.”

ஊருக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடித்துப் போனது. ஊரில் நாலைந்து பிலோமினா இருக்கிறார்கள். அடையாளத்துக்கு இவளை நோட்டீஸ் பிலோமினா என்றார்கள். முதலில் எரிச்சல் வந்தது. போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ? ஒரு வார்த்தையில் முடிந்திருக்கக்கூடிய காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டோமோ? அந்தச் சந்தேகம்தான் அவளை உள்ளுக்குள் அரித்தது. ஊர் சொன்னதைவிட அது பெரிய ரோதனை.

அவள் பங்கில் பன்னீர் திராட்சை போட்டாள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, முதல் காய்ப்பு போன வருஷம் வந்தது. அண்ணன் எல்லையை ஒட்டி, வேண்டுமென்றே தங்கச்சி தோட்டம் கண்ணில் படாதபடி, ஒரு மாட்டுக் கொட்டகை கட்டியிருந்தார். ஆடிக் காற்று மேற்கே மலையிலிருந்து இறங்கும். கொட்டகை மேற்கே, பந்தல் கிழக்கே. போன ஆடியில் கூரைத் தகரம் ஒன்று கிளம்பி வந்து பந்தல் கம்பிகளை அறுத்துக்கொண்டு போனது. கொத்துக் கொத்தாகக் கொடி தரையில் கிடந்தது. பங்கிராஸ் அன்றைக்கு மாட்டிடம்கூட எதுவும் சொல்லவில்லை. ஊர்தான் சொன்னது: நோட்டீஸ் குடுத்து வாங்குன மண்ணு எப்படி விளங்கும்?

இந்த வருஷமும் போனால் தோட்டத்தை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவள் வீட்டுக்காரர் ஜோ சொல்லிவிட்டார். அவர் குமுளி மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். இரண்டு காய்ப்பு வீணானால் தாங்காது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விற்றால், ஊர் சொன்னது சரி என்று ஆகிவிடும். 

இந்தத் தடவை காய் நன்றாகவே பிடித்திருந்தது. கருநீலம் ஏறி, மேலே சாம்பல் பூத்தாற்போலப் பழுத்து வந்தது. ஆடியும் வந்தது.

பங்கிராஸ் கொட்டகைக்குப் புதுத் தகரம் வாங்கியிருந்தார், மரச்சட்டத்தை எடுத்துவிட்டு இரும்புக் குழாயும் போட்டிருந்தார். அதெல்லாம் சரி. ஆனால் தகரத்தைக் குழாயோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டி, மேலே மணல் மூட்டையும் பழைய லாரி டயரும் ஏற்றி வைத்திருந்தார். காற்று என்னவோ மேலேயிருந்து கூரையை அமுக்க வருகிறது என்று நினைப்பு. அது கொட்டகைக்குள் புகுந்து, அடியிலிருந்து தகரத்தைத் தூக்குகிறது. மணல் மூட்டை சரிந்து விழும், கம்பி அறுந்து போகும்.

பிலோமினா நாயிடம் சொன்னாள். “ராக்கி, நம்ம மோட்டார் ஷெட்டுக்கு வெல்டர் சண்முகராஜ் ஜே போல்ட் போட்டானே, அசையுதா பாரு. கொக்கி குழாயப் பிடிச்சுக்கிரும், மேல நட்டு தகரத்தப் பிடிச்சுக்கிரும். கம்பி கட்டுறதெல்லாம் பந்தலுக்குத்தான்டா, கூரைக்கு இல்ல.”

பங்கிராஸ் மாட்டிடம் சொன்னார். “நமக்குப் புத்தி சொல்ல ஆளு வந்துருச்சு செவலை. இனி நீயும் நானும் பொழச்சுக்கிருவோம்.”

அவள் கம்பத்துக்குப் போய் ஒரு பை நிறைய ஜே போல்ட்டும் வாசரும் வாங்கி வந்தாள். எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டு, மிச்சம் விழுந்ததைக் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறான் என்று நாயிடம் பொய் சொன்னாள். எங்களுக்கு யார் மிச்சமும் வேண்டாம் என்று மாட்டுக்குத் தகவல் போனது. பை கல்லின் மேலேயே இருந்தது. அண்ணன் மனைவி அனிதா மேரியிடம் பிலோமினாவுக்கு எந்தச் சண்டையும் இல்லை. ரேஷன் கடையில் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மதினி, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?”

“சொல்லிச் சொல்லி என் தொண்டை காஞ்சுபோச்சு. எடுத்தா தோத்ததா ஆயிரும்னு இருக்காக” என்றாள் அனிதா மேரி.

பிறகு ஒரு நாள் காற்று வேகமெடுத்தது. கட்டுக்கம்பி ஒன்று அறுந்து, தகரத்தின் ஓரம் காலையிலிருந்து தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிலோமினா நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தாள். வியாபாரி வெட்ட வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மதியம் பார்த்தால் எல்லைக்கல்லின் மேலிருந்த பையைக் காணோம். கொட்டகை மேல் பங்கிராஸ், கையில் டிரில்லிங் மிஷினோடு.

அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. ஜே போல்ட்டை ஒற்றை ஆளாகப் போட முடியாது. அடியிலிருந்து ஒருவர் கொக்கியைக் குழாயில் மாட்டி, மரை உள்ள முனையை ஓட்டை வழியாக மேலே நீட்டிப் பிடிக்க வேண்டும். மேலே இருப்பவர் வாசரைப் போட்டு நட்டை முடுக்க வேண்டும். பிடிக்க ஆளில்லாவிட்டால் போல்ட்டும் கூடவே சுற்றும். பங்கிராஸ் ஓட்டை போட்டார், ஏணியில் இறங்கினார், கொக்கியை மாட்டினார், மேலே ஏறினார். அதற்குள் கொக்கி கழன்று மாட்டுத் தொட்டியில் விழுந்தது. திரும்ப இறங்கினார். அந்தப் பெருத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். அப்புறம் பாவமாகிவிட்டது.

வேலியின் சந்து வழியாகக் கொட்டகைக்குள் போனாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேலே போட்ட ஓட்டை வழியாக வெயில் பொட்டாக விழுந்தது. கொக்கியைக் குழாயில் மாட்டி, மரை முனையை அந்த ஓட்டையில் நீட்டினாள்.

மேலே சத்தம் நின்றது.  பிறகு தகரத்துக்கு மேலிருந்து குரல் வந்தது.

“அனிதா, நல்லா இறுக்கிப் பிடி.”

பிலோமினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகள் ஷெரினைப் பார்க்கத் தேனிக்குப் போன அனிதா மேரியைக் காலையில் தன் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டவரே அவர்தான். பைக்கிலிருந்து மதினி கையாட்டிப் போனதை அவளும் பார்த்தாள். அடியில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். செவலைக்குப் பதில் இன்றைக்கு அனிதா, அவ்வளவுதான்.

“பிடிச்சிருக்கேங்க” என்றாள், மதினியைப் போலவே இழுத்து.

அதன்பின் வேலை சுருக்காக நடந்தது. மேலே அவர் காலடி நகர நகர, கீழே அவள் ஸ்டூலை நகர்த்தினாள்.

“ஏங்க, பள்ளத்துல ஓட்டை போடாதீக. தகரத்து மேட்டுல போடுங்க. இல்லேன்னா மழைத் தண்ணி மாட்டு மேலதான் ஒழுகும்.”

“எல்லாம் எங்களுக்குத் தெரியும் அனிதா” என்றார் அவர். அடுத்த ஓட்டை மேட்டில் விழுந்தது.

பாதிக் கூரை முடிந்திருக்கும். கையும் வேலையும் ஒத்துப் போனதில் அவருக்கு வாய் திறந்துகொண்டது. “கேட்டியா அனிதா, நோட்டீஸ் வந்த அன்னைக்கு நான் சோறு திங்கல. கூடப் பொறந்தவ. ஒத்த வார்த்தை, அண்ணே குடுன்னு வந்து நின்னுருந்தா...”

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ஊரார் வாயில் கேட்ட வாசகம் இப்போது தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது.  ஆனால் கொக்கியை விடவில்லை.

“நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள். “அவ வந்து கேட்டிருந்தா, நெசமாவே குடுத்திருப்பீகளா?”

 ஸ்பேனர் திரும்பும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் போய்விட்டாரோ என்று அவள் நினைத்தபோது மலைப்பக்கமிருந்து காற்று ஒரே மூச்சாக வந்தது. இன்னும் போல்ட் போடாத ஓரத் தகரம் அப்படியே எழும்பியது. பாதி முடுக்கிய நட்டோடு கொக்கி குழாயிலிருந்து நழுவப் பார்த்து, அவள் கையை மேலே இழுத்தது.

“பிலோ! விட்டுராத!”

“பிடிச்சிருக்கேண்ணே! நீ உக்காரு, நிக்காத!”

அவள் ஸ்டூலில் நுனிக்காலில் நின்று, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துத் தொங்கினாள். மேலே அவர் தகரத்தின் மேல் குப்புறப் படுத்து நட்டை முடுக்குவது சத்தத்தில் தெரிந்தது. காற்று தணிந்தபோது தகரம் குழாயோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை எரிந்தது. கொஞ்சம் ரத்தமும் இருந்தது.

மிச்ச வேலையை இருவரும் முடித்தார்கள். கடைசி நட்டை முடுக்கிவிட்டு, “அவ்வளவுதான் அனிதா, நீ இறங்கு” என்றார். அவள் வெளியே வருவதற்குள் ஏணியில் இறங்கி, கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

பிலோமினாவுக்கு அழுகையாக வந்தது. கேட்டே விட்டாள், பதில் சொல்லாமல் போகிற மனுஷனை என்ன செய்வது? அந்த வாரம் முழுக்க ராக்கியைக்கூட அவள் கூப்பிடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் செவலைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. காற்று மட்டும் தன் பாட்டுக்கு அடித்தது. பக்கத்தில் ஒரு வாழைத் தோட்டம் பாதி சாய்ந்தது, ஊருக்குள் இரண்டு வீட்டுக் கூரை போனது. கொட்டகைத் தகரம் அசையவில்லை.

வியாபாரி சொன்ன நாளில் வந்தான். விடிந்ததும் ஆட்கள் பந்தலுக்குள் குனிந்து நின்று கத்தரியால் கொத்துகளை வெட்டிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். ஒரு கம்பி தொய்யாமல், ஒரு கொத்து விழாமல் எல்லாம் கைக்கு வந்தது. வெட்டுகிற பெண்களுக்குத் தலைவி ஜெபமணி. வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நீளம் அவள் நாக்கு. வேலியோரம் பங்கிராஸ் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“நோட்டீஸ் பிலோமினாவுக்கு இந்த வருஷம் யோகந்தான். இருந்தாலும் அன்னைக்கே அண்ணங்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னண்ணே, குடுத்திருப்பீகள்ல?”

எல்லோரும் அந்த வாசகத்துக்காகக் காத்திருந்தார்கள். பிலோமினா கையில் கொத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

“குடுத்திருக்க மாட்டேன்” என்றார் பங்கிராஸ்.

கத்தரிச் சத்தங்கள் நின்றன. அவர் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். மாட்டையும் பார்க்கவில்லை, ஜெபமணியையும் பார்க்கவில்லை.

“கேட்டிருந்தா, ஒனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்குடுத்தாச்சேன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். நீயும் அழுதுக்கிட்டே போயிருப்ப. நோட்டீஸ் வந்ததுனாலதான் குடுத்தேன். நீ செஞ்சது சரிதான், பிலோ.”

இந்த வார்த்தையைக் கேட்டால் துள்ளிக் குதிப்போம் என்றுதான் அவள் நினைத்து வைத்திருந்தாள். வந்தது கோபம். கண்ணில் நீரோடு வந்த கோபம்.

“இத அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா என்னண்ணே? மூணு வருஷமா ஊரு என்னய என்ன பேச்சுப் பேசுச்சு!”

பங்கிராஸ் கீழேயிருந்த பெட்டி ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார். லாரிப் பக்கம் இரண்டடி நடந்து, திரும்பி நின்றார்.

“குடுத்திருப்பேன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆத்தா. அன்னைக்குக் கொட்டகையில நீ கேட்ட பெறகுதான யோசிச்சேன்.”